நடுவில் ஒரு கிழங்குத் திரை

கன்செப்டா பேசாமல் இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வட ஆஸ்திரேலியாவில் எங்கள் பூர்வகுடி மிஷன் ஊரின் துணி அச்சுக்கூடத்தில், நீள மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். வலை கட்டிய சட்டத்தில் சாயத்தை ஊற்றி ரப்பர் பட்டையால் பாதி தூரம் அவள் தள்ளுவாள், மீதியை நான் வாங்கி என் பக்கம் இழுப்பேன். பட்டை கை மாறுகிற அந்த நொடியில்கூட அவள் வாய் ஓயாது. மிஷன் கடையில் மாவு தீர்ந்துபோனது, ஆற்று முதலை யார் வீட்டு நாயைப் பிடித்தது, சாமியார் இந்த ஞாயிற்றுக்கிழமை பூசையை ஏன் சுருக்கினார் என்பதெல்லாம் சாயத்தோடு சேர்ந்து என் பக்கம் வரும்.

எங்களுக்குள் இன்னொரு உறவும் உண்டு. அவள் மகள் ஃபிடெல்மாவைக் கட்டியவன் என் அண்ணன் மகன் கிளீட்டஸ். ஆக, நாங்கள் சம்பந்திகள்.

அவள் துணியில் போடுவது ஒரே ஒரு செடியைத்தான். வம்புக் கிழங்கு. இதயம் போல இலை விட்டு மரத்தில் ஏறுகிற கொடி அது. அடியில் கிழங்கு உருண்டையாக, உடம்பெல்லாம் முடியோடு, சவரம் செய்யாத தாத்தா முகம் மாதிரி இருக்கும். அவித்து, மெல்லிசாகச் சீவி, ஓடுகிற தண்ணீரில் ஒரு ராத்திரி கிடக்கவிட்டால்தான் வாயில் வைக்கலாம். அவசரப்பட்டால் வாய் தீப்பிடித்த மாதிரி எரியும். சின்ன வயதில் கன்செப்டா அவசரப்பட்டாள். நாக்கு வீங்கி இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு நாளை நினைத்து மிஷனில் இன்னும் சிலர் பெருமூச்சு விடுகிறார்கள்.

"என் வாயை அடக்கினது உலகத்துலயே இது ஒண்ணுதான். அதுக்கு ஒரு மரியாதை பண்ண வேணாமா?" என்பாள்.

அது மட்டும் காரணமில்லை. உப்பங்கழிக்குப் பின்னால் அந்தக் கொடி படர்ந்து கிடக்கிற காடு அவள் அப்பா வழி நிலம். அதை வரைய அவளுக்கும் அவள் கூடப் பிறந்தவர்களுக்கும்தான் உரிமை. நான் அல்லிக்காரி, என் அப்பா வழி நிலத்துச் செடி குளத்து அல்லி. கிழங்கைத் தொட்டால் என்னை ஊரே கேள்வி கேட்கும். அதனால் அவள் கிழங்கை அவள் வரைந்து, அவளே சட்டத்து வலையில் ஏற்றுவாள். நான் பட்டையை இழுப்பதோடு சரி. வெள்ளைத் துணியில் மஞ்சள் கொடி, அதன் மேல் மண் நிறத்தில் கிழங்குகள், கிழங்குக்குக் கிழங்கு முடி. ஒருமுறை வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் அவற்றை எலி என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார். அன்று சாயந்தரம்வரை அவள் பேச்சு முழுதும் அந்த ஆளைப் பற்றித்தான்.

இவ்வளவு பேசுகிறவள் வாயே திறக்காத ஓர் இடம் அவள் வீடு. ஏனென்றால் அங்கே மருமகன் இருந்தான்.

எங்கள் பக்கம் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. நேருக்கு நேர் பேசக் கூடாது. பெயரை வாயில் எடுக்கவே கூடாது. இதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. இதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் கிடையாது. மற்றவர்கள் இரண்டு வீடு தள்ளி இருந்து இதைச் சுலபமாகச் சமாளிப்பார்கள். மிஷனில் வீட்டுப் பஞ்சம். கன்செப்டா குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது. கிளீட்டஸோ ஆள் ஃப்ரிட்ஜ் மாதிரி இருப்பான், ஒளிய இடம் தேடிப் போகும் ஆள் அல்ல, ஒளிய இடமே கிடைக்காத ஆள். அறையைவிட்டு வெளியே வருமுன் அவள் இருமுவாள். அவனும் இருமுவான். இருமல் கேட்டவர் திரும்பி நிற்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் இருவருக்கும் சளி பிடித்தது. எது நிஜ இருமல், எது எச்சரிக்கை என்று புரியாமல் பொழுது முழுக்க ஆளுக்கோர் அறையில் அடைந்து கிடந்தார்கள். ஃபிடெல்மா இரண்டு அறைக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு வருஷம் வறண்ட காலத்தில் டார்வின் நகரத்து ஃபேஷன் ஷோவுக்கு எங்கள் துணிகளைக் கூப்பிட்டார்கள். துணியைச் செய்த ஊர்க்காரர்களே அதை உடுத்தி நடக்க வேண்டும் என்று ஏற்பாடு. கன்செப்டா நடக்க ஒப்புக்கொண்டாள். ஃபிடெல்மா பிரசவத்துக்கு நாள் நெருங்கி டார்வினில் ஆஸ்பத்திரிப் பக்கத்து விடுதியில் தங்கியிருந்தாள். மகளையும் பார்த்த மாதிரி ஆகும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அச்சுக்கூடத்து வண்டியின் கியர்பாக்ஸ் உடைந்தது.

அச்சுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள மெல்போர்னிலிருந்து வந்திருந்த இங்க்ரிட் நல்ல பெண். வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தைத்த உடுப்புகளோடு அவள் சின்ன விமானத்தில் முன்னால் போகப் போகிறாள், அதில் வேறு இடம் இல்லை. அவள் கையைத் தட்டி, "கவலையே வேணாம். கிளீட்டஸ் நாளைக்கு ஃபிடெல்மாவைப் பார்க்கப் போறாரு. கன்செப்டா அவர் வண்டியிலயே போகட்டும். ஒரே குடும்பம்தானே?" என்றாள்.

மூலையில் யாரோ சாய வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

"நான் நடந்து போறேன்," என்றாள் கன்செப்டா.

"கன்செப்டா, அது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல."

"வழியில தண்ணி இருக்கு."

சாயந்தரம் ஃபிடெல்மா போனில் கூப்பிட்டாள். "அம்மா வரலேன்னா இந்தப் புள்ளைய உள்ளயே வெச்சுக்குவேன் அத்தை. சொல்லிடுங்க," என்றாள். நான் சொன்னேன். கன்செப்டா கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தாள். பிறகு, மேடையில் பரத்திக் காட்டுவதற்கென்று தைக்காமல் வைத்திருந்த நீளத் துணியை அலமாரியிலிருந்து எடுத்து என் மடியில் போட்டாள்.

"துணி உலர்த்துற கிளிப்பு எவ்வளவு இருக்கோ அவ்வளவும் எடுத்துட்டு வா," என்றாள்.

கிளீட்டஸ் வனக்காவலன். ஆற்றோரக் களைகளுக்கு மருந்து அடிப்பது அவன் வேலை. அவன் வண்டியில் முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே கிழங்குத் துணியை மடித்துக் கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டுக் கிளிப்பு போட்டோம். திரை கொஞ்சம் விலகினாலும், பின்புறம் பார்க்கிற கண்ணாடியில் முகம் தெரிந்துவிடுமே என்று அவன் அதற்குத் தன் காலுறை ஒன்றை மாட்டினான். பின்னால் கன்செப்டாவும் நானும் உட்கார்ந்தோம். முன்னால் அவனும் பிஷப்பும். பிஷப் அவன் நாய். எப்போதும் ஆசீர்வதிக்கிற மாதிரி ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதனால் அந்தப் பெயர்.

செம்மண் ரோட்டில் வண்டி குலுங்கத் தொடங்கியதும் என் வேலையும் தொடங்கியது.

"சம்பந்தி, இந்த வண்டி கொஞ்சம் மெதுவாப் போனா எல்லாருக்கும் குடல் வயித்துக்குள்ளயே இருக்கும்னு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்," என்றாள் கன்செப்டா.

"கிளீட்டஸ், மெதுவாப் போடா," என்றேன்.

"அத்தை, மெதுவாப் போனாத்தான் குழி முழுசா வாங்கும். வேகமாப் போனா மேல மேல தாண்டிரும்."

"வேகமாப் போனா தாண்டிருமாம்," என்று அவள் பக்கம் திரும்பிச் சொன்னேன். அவள் என்னிடமிருந்து ஒரு முழத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் நான் சொல்லும்வரை காத்திருந்துவிட்டு, "அப்படியா. எனக்குத் தெரியாம போச்சே," என்றாள்.

இப்படியே ரொம்ப தூரம் போனது. மாட்டிறைச்சி டின்னில் உப்பு அதிகமா என்பதில் தொடங்கி, மகளுக்குப் பிறக்கப்போவது பெண்ணா ஆணா என்பதுவரை என் காது வழியாகப் போய் வாய் வழியாக வெளியே வந்தது. ஒரு கட்டத்தில் களைத்துப்போய்த் தூங்கிவிட்டேன். விழிப்பு வந்தபோது பேச்சுக் குரல் கேட்டது. கண்ணைத் திறக்காமல் கிடந்தேன்.

"பிஷப்," என்றாள் கன்செப்டா, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவள் போலப் பணிவாக. "முன்னாடி மரக்கூட்டம் ஒண்ணு வருது. அங்க வண்டி நின்னா வயசான பொம்பளை ஒருத்திக்குப் பெரிய உபகாரமா இருக்கும்."

வண்டி நின்றது. அவள் இறங்கிப் போய்த் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"பிஷப், எல்லாரும் ஏறியாச்சான்னு தெரிஞ்சா வண்டிய எடுக்கலாம்," என்றான் கிளீட்டஸ்.

"ஏறியாச்சு பிஷப். அந்த மரத்துல பச்சை எறும்பு நிறைய இருக்கு. வேற யாராச்சும் இறங்குறதா இருந்தா பார்த்து இறங்கணும்."

"ரொம்ப நன்றின்னு நினைக்கிறேன் பிஷப்."

பாவம், அந்த நாய் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் பேசியதில்லை என்பதால் வாலை ஆட்டவும் பயந்து உட்கார்ந்திருந்தது.

தார் ரோட்டை எட்டுகிற இடத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கி ஓர் ஆள் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தான். ஆளுயரத்துக்கு வளர்கிற ஒரு வெளியூர்ப் புல் எங்கள் பக்கம் பரவி நெருப்புக்குத் தீனியாகிக்கொண்டிருந்தது. அதன் விதை வண்டிகளில் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்க்கிற களைச் சோதனைக்காரன் அவன். தெற்கிலிருந்து வந்த இளைஞன், மூக்கின் மேல் வெள்ளைக் களிம்பு தடவியிருந்தான்.

"செடி, விதை, கிழங்கு ஏதாவது எடுத்துட்டுப் போறீங்களா?"

கிளீட்டஸுக்குப் பொய் வராது. திரையைக் கட்டைவிரலால் காட்டி, "கிழங்கு இருக்கு," என்றான்.

"எவ்வளவு?"

"ஒரு பத்து மீட்டர்."

"கிழங்கு எப்படிப் பத்து மீட்டர்?"

"பதினொண்ணுன்னு சொல்லு சம்பந்தி. ஓரம் இன்னும் மடிச்சு அடிக்கல," என்றாள் கன்செப்டா பின்னாலிருந்து.

பின் ஜன்னல்களில் செம்மண் அப்பியிருந்ததால் இளைஞன் முன் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தான். குலுக்கலில் சற்று மேலேறியிருந்த திரைக்குக் கீழே அவள் கால் மட்டும் தெரிந்தது. "பின்னாடி யாரு?"

கிளீட்டஸ் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "ஒருத்தங்க."

"பேரு?"

"சொல்ல முடியாது."

"தெரிஞ்சவங்கதானே?"

"ரொம்ப வருஷமாத் தெரியும். பார்த்ததில்ல."

இளைஞன் முன் ஜன்னல் வழியே கையை நீட்டித் திரையைப் பிடித்தான். அவன் இழுப்பதற்குள் கிளீட்டஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்து, முதுகைக் காட்டியபடி ரோட்டோரப் புல்லுக்குள் நடந்தான். அவ்வளவு பெரிய உடம்பு புல்லுக்குள் போனதும் தொப்பி மட்டும் மேலே மிதந்து போனது.

"ஐயா, அங்க போகாதீங்க. அதுதான் அந்தப் புல்லு. விதை ஒட்டும்," என்று கத்திக்கொண்டே இளைஞன் பின்னால் ஓடினான்.

இந்தக் கலவரத்தில் கன்செப்டா காற்று வாங்கலாம் என்று மறுபக்கம் இறங்கினாள். கிளீட்டஸ் ஒரு வட்டம் அடித்து வண்டிக்குத் திரும்பி வந்தான். இருமல் கேட்டது. அவன் சட்டென்று வண்டியின் மூக்கைச் சுற்றிப் போனான். அவள் வால்பக்கம் போனாள். நடுவில் இளைஞன் எந்தப் பக்கம் போனாலும் எதிரே ஒரு முதுகுதான் கிடைத்தது. நான் தணலில் சுட்ட டாம்பர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இளைஞன் மூச்சு வாங்க நின்றான். தலைமுதல் கால்வரை விதை. அவனுடைய சட்டப்படி அவனே அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது.

கன்செப்டாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வண்டியிலிருந்த துணி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து அவன் முதுகைத் தேய்க்கத் தொடங்கினாள். கிளீட்டஸ் தன் மேல் ஒட்டியதைத் தட்டிவிட்டு, வேலைக்கான பிரஷ்ஷோடு, கண்ணைத் தரையில் போட்டபடி, முன்பக்கம் வந்தான். இளைஞன் நடுவில் நிற்கிறவரை இருவருக்கும் சௌகரியம்தான். அவன் நல்ல அகலம்.

"தம்பி, அந்தப் பக்கம் இருக்குறவரு உங்க பேன்ட் மடிப்பையும் பார்த்தா நல்லதுன்னு சொல்லுங்க," என்றாள் கன்செப்டா.

இளைஞன் கிளீட்டஸைப் பார்த்தான். "பேன்ட் மடிப்பு..."

"பார்த்துட்டேன். காலர்ல இருக்கும். அவங்க கண்ணு கூர்மை, பார்க்கச் சொல்லுங்க," என்றான் கிளீட்டஸ்.

"காலரு..." என்று இளைஞன் பின்பக்கம் திரும்பப் போனான்.

"திரும்பாத," என்றார்கள் இருவரும்.

அவன் அசையாமல் நின்றான். கடைசி விதையும் உதிர்ந்த பிறகு மெதுவாக, "உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டான்.

"இல்லியே," என்று முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. அவன் கூம்புகளை நகர்த்தி வழி விட்டான். வண்டியைச் சோதனை போடவே இல்லை.

டார்வினில் இங்க்ரிட் மண்டப வாசலில் காத்திருந்தாள். உள்ளே ஒல்லியாக, கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். யார் எந்த வரிசையில், எந்தப் பாட்டுக்கு நடப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. கிளீட்டஸைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. கிழங்குத் துணியில் ஓர் ஆண்சட்டை தைத்திருந்தார்கள். அதை அளவு பார்க்காமல் தைத்ததில் உடுத்தப்போன பையன்கள் எல்லாரும் அதற்குள் காணாமல்போனார்கள். கிளீட்டஸுக்கு அது கச்சிதமாக இருந்தது.

"அதே துணியில இவங்களுக்குப் பாவாடை. ரெண்டு பேரும் ஜோடியா வரணும்," என்றார், கன்செப்டாவைக் காட்டி.

கிளீட்டஸ் அதற்குள் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டான். தூண் பாதிதான் மறைத்தது.

"ஐயா, இவங்க மாமியாரு. அவன் மருமகன்," என்றேன்.

"அடடா, குடும்பமா? அருமை. அப்ப கைகோத்துட்டு வாங்க."

நான் இங்க்ரிட்டைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்தது. முந்தின நாள் அவள் விமானம் ஏறப் போனபோது தளத்தில் யாரோ அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அந்த ஆளைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ப் பேசினாள். அவர் திரும்பி வந்து, "பார்க்கவே கூடாதா? சரி, அப்ப பார்க்காம கைகோத்துக்கலாமா?" என்று கேட்டார்.

வரிசையை மாற்ற நேரம் இல்லை என்று உள்ளேயிருந்து அழைப்பு வந்துவிட்டது. அப்போதுதான் ஃபிடெல்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு பின்வாசல் வழியே வந்து சேர்ந்தாள். நிலைமையைக் கேட்டுவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"வண்டியில எப்படி வந்தாங்க அத்தை?"

"நடுவுல துணி."

"அப்ப இங்கயும் நடுவுல துணி. ஒரு முனைய நீங்க பிடிங்க, ஒரு முனைய நான் பிடிக்கிறேன்."

"உன் வயித்தோடயா?"

"என் புருஷன், என் அம்மா. வேற யாரு பிடிப்பா?"

வண்டியிலிருந்த நீளத் துணியை எடுத்து வந்தோம். துணியை நெடுக்க நிறுத்திப் பிடித்து, முன்னால் நான், பின்னால் ஃபிடெல்மா. இடப்பக்கம் கன்செப்டா. வலப்பக்கம் கிளீட்டஸ். துணியின் உயரம் அவன் நெஞ்சுக்குத்தான் வந்தது. தலை வெளியே தெரியக் கூடாதென்று அவன் முட்டியை மடக்கிக் குந்தின மாதிரியே நடக்க வேண்டியதாயிற்று. வாத்து வேட்டைக்குச் சதுப்பில் பதுங்கிப் போகிறவன் நடை அது. அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் சதுப்பில் விளக்கு வெளிச்சமும் மேளமும் கிடையாது.

மேடை நீளமான பலகைப் பாதை. இரண்டு பக்கமும் ஜனம். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. கன்செப்டா தலையை நிமிர்த்தி, அவள் அப்பாவின் காட்டில் கிழங்கு தோண்டப் போகிற மாதிரி, கால் அழுத்தி நடந்தாள். பார்க்க நன்றாக இருந்தது. மறுபக்கம் கிளீட்டஸ் வியர்வை சொட்டப் பதுங்கி வந்தான். பாதையின் முனையில் திரும்ப வேண்டும். அங்கேதான் கெட்டது.

நான் இடப்பக்கம் திரும்பினேன். ஃபிடெல்மா திரும்பவில்லை. நிறை வயிற்றுக்காரி நினைத்தவுடன் திரும்ப முடியுமா? துணி நடுவில் மடிந்து, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு வந்ததில், கன்செப்டா துணிக்குள் சுருண்டுபோனாள். கழுத்துமுதல் கணுக்கால்வரை கிழங்கு. தலையிலும் ஒரு சுற்று. முகம்கூடத் தெரியவில்லை. கிளீட்டஸோ திரை போனது தெரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முட்டி மடங்கினபடியே மேடை விளிம்பில் சிலையாக நின்றுவிட்டான். மூச்சுகூட விடவில்லை. இரண்டு விரல் பின்னால் போனால் முதல் வரிசை ஆட்களின் மடியில் விழுவான். அந்த நேரம் பார்த்துப் பாட்டும் முடிந்தது.

அந்த அமைதியில் துணிச் சுருளுக்குள்ளிருந்து கன்செப்டாவின் குரல் வந்தது. எங்கள் பாஷையில்.

"சம்பந்தி, மேடை ஓரத்துல ஒருத்தரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் பார்க்கல, ஆனா எனக்குத் தெரியும். பயந்தா அவரு அப்படித்தான். வெள்ளத்துல வீட்டுக்குள்ள பாம்பு வந்தப்பவும் அப்படித்தான் நின்னாரு, ஆனா என் மகளை முன்னாடி தூக்கி மேசை மேல வெச்சுட்டுத்தான் நின்னாரு. மூச்சு விடச் சொல்லு. அவரு விழுந்து கழுத்தை முறிச்சுக்கிட்டா எனக்கு இந்த மாதிரி இன்னொரு ஆளு கிடைக்க மாட்டாரு."

இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அவன் கேட்டதில்லை. சொல்லச் சந்தர்ப்பம் வந்ததில்லை. என்னிடம் மேசையில் சொன்னதெல்லாம் அவன் டவலைத் தரையில் போடுவதைப் பற்றித்தான்.

கிளீட்டஸ் மூச்சு விட்டான். கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். "அத்தை," என்றான், கண்ணைத் திறக்காமல். "கேட்டுச்சுன்னு சொல்லுங்க. முட்டி பிடிச்சுக்கிச்சுன்னும் சொல்லுங்க."

நான் துணிச் சுருளிடம் குனிந்து இரண்டையும் சொன்னேன். ஜனம் இதை ஏதோ சடங்கு என்று எடுத்துக்கொண்டது. ஒருவர் எழுந்தார், பிறகு எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ஃபிடெல்மா ஒரு கையால் புருஷன் சட்டைப் பின்புறத்தைப் பிடித்து இழுத்தாள், நான் சுருளைத் தள்ளினேன். கன்செப்டா குதித்துக் குதித்தும், கிளீட்டஸ் குந்தியபடியும், அவரவர் பக்கம் உள்ளே போய்ச் சேர்ந்தோம்.

கறுப்புச் சட்டைக்காரர் அழுதுகொண்டிருந்தார். "இதை ஒத்திகையில ஏன் காட்டல?" என்று கேட்டார்.

மறுநாள் பத்திரிகையில் படத்தோடு வந்தது. தலைமுறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நாங்கள் துணியால் பேசினோம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வருஷம் நடந்த ஷோவில் சிட்னிப் பெண்கள் இரண்டு பேர் முட்டியை மடக்கிப் பதுங்கி நடந்தார்கள் என்று இங்க்ரிட் சொன்னாள். ஒரு பெரிய ஓட்டல் தன் அறைகளுக்கெல்லாம் கிழங்குத் திரை கேட்டது. ஆனால் சாம்பல் நிறத்தில் வேண்டும் என்றார்கள். கன்செப்டா அந்த நிறத்தில் ஒரு துண்டு அச்சடித்துப் பார்த்தாள். "செத்துப்போன கிழங்கு," என்றாள். அதை உரித்தெடுத்து மேசை துடைக்கப் போட்டுவிட்டு, மண் நிறத்திலேயே அடித்து அனுப்பினாள். ஓட்டல்காரர்கள் வேறு வழியில்லாமல் சுவருக்கெல்லாம் வர்ணத்தை மாற்றினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது குழந்தை விஷயம்.

ஷோ முடிந்த வாரமே ஃபிடெல்மாவுக்குப் பெண் பிறந்தது. மாமியார் உள்ளே இருந்தால் மருமகன் வராந்தாவில், மருமகன் உள்ளே இருந்தால் மாமியார் வாகன நிறுத்தத்தில் என்று முறை வைத்துப் பார்த்தார்கள். நர்ஸ் ஒருத்தி இரண்டாம் நாளே புரிந்துகொண்டு தானாகவே இரும ஆரம்பித்துவிட்டாள். பெயர் பதிய ஆள் வந்தபோது உள்ளே கிளீட்டஸும் நானும் இருந்தோம். ஃபிடெல்மா, "பேரை நீயே வை," என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

"என்ன பேரு?" என்று கேட்டார் பதிய வந்தவர்.

கிளீட்டஸ் வாயைத் திறந்தான். மூடினான். என்னைப் பார்த்தான்.

"அத்தை, அந்தப் பேரு," என்றான்.

"எந்தப் பேருடா?"

"அதான், அந்தப் பேரு."

"எத்தனையோ பேரு இருக்கு. ஆரம்ப எழுத்தாவது சொல்லு."

அவன் முகம் சிவந்து வியர்த்தது. சுற்றிலும் தேடி, குழந்தையைச் சுற்றியிருந்த துணியைத் தொட்டான். அது கிழங்குத் துணி. என்னைப் பார்த்துவிட்டு, கதவுக்கு வெளியே, வாகன நிறுத்தம் இருக்கிற திசையில், தலையைக் குனிந்துகொண்டான்.

பதிய வந்தவரிடம், "கன்செப்டா," என்று நான்தான் சொன்னேன். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் மரியாதைக்குக் காதைப் பொத்திக்கொண்டான்.

கன்செப்டாவிடம் போய்ச் சொன்னேன். அவள் ஒரு மரத்தடியில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "புத்தி கெட்டுப்போச்சா அந்த ஆளுக்கு?" என்றாள். "சொந்தப் புள்ளைய எப்படிக் கூப்பிடுவாரு? யோசிச்சாரா? நாலு எழுத்துல எத்தனை பேரு கிடக்கு ஊர்ல." திட்டிக்கொண்டே சிப்ஸ் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பாவாடை முனையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மறுபடி திட்டினாள். அன்று சாப்பாட்டுக்கு உட்காரும்வரை அந்தப் பெயரை வைத்ததற்காக அவனைத் திட்டினாள், இடையிடையே, "என் பேரையா வெச்சாரு? நிஜமாவா?" என்று கேட்டுக்கொண்டாள்.

அவள் பயந்தது நடந்தது. சின்ன கன்செப்டாவுக்கு இப்போது ஓட்டம் வந்துவிட்டது. அப்பன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'குட்டி' என்று கூப்பிடலாமே என்றால், அந்தப் பெயருக்குள்ள மரியாதை அவனை விடவில்லை. பெற்ற பிள்ளையை, மூக்கு ஒழுகிக்கொண்டு அம்மணமாகத் திரிகிற பிள்ளையை, மரியாதைப் பன்மையில்தான் பேசுகிறான். நேற்று நாங்கள் அச்சுக்கூட வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, வேலியோரம் மருந்துக் கேனைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு கூப்பிட்டான்.

"அத்தை, அவங்க அங்க உக்காந்து மண்ணு திங்கிறாங்க. வேணாம்னு கொஞ்சம் சொல்றீங்களா?"